சன்னலோரம்: பழனி மலையைப் பார்ப்பது குறித்துச் சில குறிப்புகள்

வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குள் கொடைக்கானல் வண்டி திரும்பி நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டுகள் உள்ளே விழுகின்றன. துண்டு, கைப்பை, குடை, சில நேரம் குழந்தை. இருக்கையில் விழுந்த துண்டு ஒரு தற்காலிகப் பட்டா. "அண்ணே, இந்தச் சீட்டுக்கு ஆள் இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தில் அந்தப் பட்டா உறுதியாகிவிடுகிறது. தோளில் துண்டு போடவே சில சாதியினருக்கு உரிமை இல்லாதிருந்த நாட்டில், துண்டைப் போட்டு இடம் பிடிப்பது என்பது வெறும் அவசரம் மட்டுமல்ல என்று எனக்குப் படுகிறது. அது பிறகு வரட்டும். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது வேறு: துண்டுகள் எல்லா இருக்கைகளிலும் சமமாக விழுவதில்லை. சன்னலோரமே முதலில் தீர்கிறது.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை நன்றாகத் தெரியும்? இதை டூரிஸ்ட்டின் கேள்வி என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது எதைப் பார்க்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்று கோட்பாட்டளவில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சை ஒரு பஸ்ஸின் இருக்கை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. கேள்விக்கு நேரடியான பதிலும் உண்டு. அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுவோம்.

வத்தலக்குண்டிலிருந்து காமக்காபட்டி வழியாக ஏறும் பாதையில், ஏறும்போது இடப்பக்கம், இறங்கும்போது வலப்பக்கம். காரணம் எளிமையானது. மலைச்சாலை என்பது சரிவில் வெட்டிய ஒரு படி. ஒரு பக்கம் வெட்டுண்ட மண்சுவர், மறுபக்கம் பள்ளம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பள்ளம் பக்கம் மாறும். வளைவே இல்லாமல் சரிவை அணைத்துக்கொண்டு போகும் தூரத்தில் மாறாது. வத்தலக்குண்டுப் பாதை கிழக்கிலிருந்து மேற்காக, மஞ்சளாற்றுப் பள்ளத்தாக்கைத் தெற்கே வைத்துக்கொண்டு ஏறுகிறது. ஆகவே வழியின் பெரும்பகுதியில் பள்ளம் இடப்புறம். டம்டம் பாறையிலிருந்து எதிரே தெரிகிற தலையாறு அருவி (எலிவால் அருவி என்பதும் இதுதான், சுமார் 297 மீட்டர்), கீழே மஞ்சளாறு அணை, தெளிவான நாட்களில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்ப்பரப்பு எல்லாம் இந்தப் பக்கத்துச் சொத்து. கொடைக்கானல் நெருங்கும்போது வருகிற வெள்ளியருவி மட்டும் சாலைக்கு மேலிருந்து விழுவதால் மலைப்பக்கத்தாருக்கு. இதையும் சேர்த்தால் கணக்கு ஓரளவு சமமாகிறது என்று வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

பழனியிலிருந்து ஏறுகிற 64 கிலோமீட்டர் பாதை வேறு ரகம். அடிவாரத்தில் வரதமாநதி அணையைத் தாண்டியதும் வடக்குச் சரிவில் திரும்பித் திரும்பி ஏறுகிறது. வளைவுக்கு வளைவு பள்ளம் கை மாறுவதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாதிதான் கிடைக்கும். இங்கே சீட்டுக்குச் சண்டை போடுவது வீண்.

இரண்டு பாதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காட்சி அழகில் மட்டும் இல்லை. பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட ஒரு கிளை. இரண்டு ஆற்றுப்படுகைகளுக்கு நடுவில் கிடக்கிற வரப்பு. தெற்குச் சரிவில் இறங்குகிற மஞ்சளாறும் வராகநதியும் வைகைக்குப் போகின்றன. வடக்குச் சரிவின் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி ஆகியவை சண்முகநதியாகி, அமராவதியில் சேர்ந்து, காவிரியாகின்றன. வத்தலக்குண்டு பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தவர் பார்ப்பது மதுரை, தேனி விவசாயியின் தண்ணீர்க் கணக்கை. பழனி பஸ்ஸில் உட்கார்ந்தவர் பார்ப்பது காவிரிக் கணக்கின் ஒரு சிறு கிளையை. 'வியூ' என்ற சொல் இந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. பேச்சுத் தமிழில் 'வியூ பாயிண்ட்' என்றே நிலைத்துவிட்ட இச்சொல்லுக்கு ஈடான பழைய சொல் மலை கிராமத்தாரிடம் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்களிடம் பாறைக்குப் பெயர் இருக்கிறது, ஓடைக்குப் பெயர் இருக்கிறது. நின்று பார்க்கிற இடத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை.

இனி பஸ்ஸுக்குள்ளே வருவோம். நம் ஊர் பஸ்ஸில் வரிசைக்கு ஐந்து பேர்: டிரைவர் பக்கம் மூணு சீட்டு, படிக்கட்டுப் பக்கம் ரெண்டு சீட்டு. ஐவரில் இருவருக்கே சன்னல். அதிலும் டயருக்கு மேலுள்ள சீட்டில் கால் நீட்ட முடியாது. கடைசி சீட்டு வளைவுகளில் தூக்கிப் போடும். சில வரிசைகளில் சன்னலுக்குப் பதில் இரும்புத் தூண்தான் முகத்துக்கு நேரே வரும். பார்ப்பதற்கென்றே போகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தூண் மறைக்காத வரிசையாகப் பார்த்து உட்கார வேண்டும். முன் கண்ணாடி வழியே சாலையே விரிந்து தெரிகிற முன்வரிசை இடப்பக்கச் சீட்டு எல்லாவற்றையும் விட உத்தமம். அது பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குப் போய்விடும். குளிரூட்டப்பட்ட வண்டியின் திறக்க முடியாத நிறக்கண்ணாடியில் மலை ஒரு பழைய கலர்ப் படம்போல இருக்கிறது. கொடுத்த காசு கூடுதல், கிடைக்கிற மலை குறைவு.

தமிழ்நாட்டு டவுன் பஸ்களில் இடப்பக்க இருக்கைகளுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருக்கும். வெளியூர் வண்டிகளில் எழுதாவிட்டாலும் பழக்கம் அதை ஒட்டியே போகிறது. அப்படியானால் கொடைக்கானலுக்கு ஏறும்போது பள்ளத்தாக்கு முழுவதும் பெண்கள் பக்கம், இறங்கும்போது ஆண்கள் பக்கம். விதியோ திட்டமோ அல்ல, சாலை போட்ட விதம். ஆனால் பெண்ணுக்குச் சன்னலோரம் கொடுக்கப்படுகிற காரணத்தைக் கேட்டுப்பாருங்கள்: "வாந்தி வருதாம்ப்பா, அந்தம்மாவை ஓரத்துல விடு." ஆணுக்குச் சன்னல் பார்ப்பதற்கு, பெண்ணுக்கு வாந்தியெடுப்பதற்கு. ஒரே இருக்கைக்கு இரண்டு நியாயங்கள்! பெண் உடல் எப்போதும் சங்கடத்தின் இடமாகவும் ஆண் கண் எப்போதும் ரசனையின் இடமாகவும் கட்டமைக்கப்படுவதற்கு இதைவிடச் சாதாரணமான உதாரணம் வேண்டுமா?

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், மலைப்பாதை வாந்திக்கு மருந்தே பார்ப்பதுதான். வளைவில் உடல் சாய்வதை உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உணர்கிறது. முன்சீட்டின் முதுகையோ மடியிலுள்ள குழந்தையையோ பார்த்துக்கொண்டிருக்கிற கண் 'ஒன்றும் அசையவில்லை' என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டை மூளை தாங்காதபோதே குமட்டல். தூரத்தில் அசையாமல் நிற்கும் முகட்டையோ அடிவானத்தையோ கண் பிடித்துக்கொண்டால் இரண்டு செய்தியும் ஒத்துப்போகின்றன. ஆனால் நம் பாட்டிமார்கள் சொல்வது: "கீழ பாக்காதடி, தலை சுத்தும், குனிஞ்சுக்க." குனிந்துகொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்குக் குமட்டல் கூடுதலாக வருவதில் வியப்பில்லை.

சன்னலோரத்துக்குப் போட்டி போடுவதற்கு முன்னால் பஸ்ஸில் ஏற அனுமதி வேண்டும். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பட்டிவீரன்பட்டி. மேலேயுள்ள காப்பித் தோட்டங்களால் செழித்த ஊர். அந்த ஊர்க்காரரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். (சென்னைக்காரர்கள் துணி எடுக்கப்போகிற பாண்டி பஜார் இவர் பெயரில்தான்.) அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் தனியார் பஸ் முதலாளிகளுக்கு எதிராக உத்தரவு போட்டார். காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டோம் என்று சொல்ல முடிந்த காலம் அது. பஸ் என்ற நவீன வாகனம் சாதியைக் கலைத்துவிடும் என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். வாகனம் தானாக எதையும் கலைப்பதில்லை. யாரோ ஒருவர் லைசென்ஸில் கை வைக்க வேண்டியிருந்தது.

பின்னால் வந்ததையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு இந்த மலைக்கு ஓடிய அரசு பஸ்களில் ராணி மங்கம்மாள் பெயர் இருந்தது. 1997இல் விருதுநகர்ப் பகுதிக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டபோது, ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். தென்மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன. அரசு கண்டுபிடித்த தீர்வு, எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அழித்துவிடுவது. மங்கம்மாளும் அப்போதுதான் போனார். ஒரு பெயரைச் சகிக்க முடியாததற்காக எல்லாப் பெயர்களையும் நீக்கிப் பெறப்பட்ட அந்த நடுநிலைமையில்தான் இன்று நாம் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறோம். பஸ்ஸின் வெளிப்புறத்தில் எழுதியிருந்த பெயர் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வெளியே நிற்பவருக்கே தெரியும். கௌரவம் என்பது நாம் எதைப் பார்க்கிறோம் என்பதில் இல்லை, எதற்குள் இருப்பதாகப் பார்க்கப்படுகிறோம் என்பதில் இருப்பதாக அந்த மறுப்பு நம்பியது.

பஸ்ஸுக்கு முந்தைய சன்னலோரம் டோலி. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் காலராவிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்புவதற்காக வந்தவர்கள், காட்சிக்காக அல்ல. பெரியகுளத்துக்கு மேலே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மலை ஏற ஒரு செங்குத்தான பாதை இருந்தது. துரைகள் குதிரையில், துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும், சாமான்கள் தலைச்சுமையில். நாற்காலியில் இருப்பவருக்கு முன்னாலும் பின்னாலும் பள்ளத்தாக்கு. தூக்குபவருக்கு அடுத்த கல். அவர் நிமிர்ந்து பார்த்தால் கால் இடறும். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே மலையில் ஒருவருக்குக் காட்சி, மற்றவருக்குத் தரை. பயணக் குறிப்புகளை எழுதியவர்கள் நாற்காலியில் இருந்தவர்கள் என்பதால் நமக்குக் கிடைத்திருக்கிற 'கொடைக்கானல்' என்ற பிரதி முழுக்கவும் நாற்காலி உயரத்திலிருந்து எழுதப்பட்டது.

1875இல் திருச்சி மதுரை ரயில்பாதை திறந்து அம்மையநாயக்கனூரில் நிலையம் வந்தது. அதன் இன்றைய பெயர் கொடைக்கானல் ரோடு. ஊரின் பெயரை அழித்து, ஊர் போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயரை வைத்துக்கொண்ட நிலையம். மேஜர் லா என்ற ராணுவப் பொறியாளர் தடம் பிடித்த சாலையே இன்றைய வத்தலக்குண்டுப் பாதை. அவர் பெயரால் அதை லாஸ் காட் என்றார்கள். 1910களின் நடுவில் அதில் மோட்டார் ஏறியது. டோலிக்காரரின் வேலை போயிற்று. எஞ்சின் அவர் இடத்துக்கு வந்தது. நாற்காலி அப்படியே இருந்தது.

இதற்கிடையில் மலை உச்சியில் பார்ப்பதற்கென்றே ஒரு சாலை போடப்பட்டுவிட்டது. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை, தெற்கு விளிம்பை ஒட்டி, சுமார் ஒரு கிலோமீட்டர். எந்த ஊருக்கும் போகாத பாதை. கீழே பெரியகுளம், வைகைச் சமவெளி. நடப்பவர் பார்க்க வேண்டும், அவ்வளவே. மலையை ஒட்டிய ஒரு நீளமான சன்னல் என்று இதைச் சொல்லலாம். 1863இல் வேர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியாக்கியதோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு நிலம் எப்படிக் காட்சியாக உற்பத்தி செய்யப்பட்டது என்பது விளங்கும். பளியரும் புலையரும் குன்னுவரும் வாழ்ந்த, சாகுபடி செய்த, தேனெடுத்த மலை. ஏரி இயற்கை என்று இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். படகுக் கட்டணமும் கொடுக்கிறார்கள்.

ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977இல் எழுதிய ரயில் பயண வரலாற்றில் ஒரு கருத்தைச் சொல்கிறார். ரயிலின் வேகத்தில் பயணியின் பக்கத்திலுள்ளவை கலங்கி மறைந்துவிடுகின்றன. தூரத்திலுள்ளவை மட்டுமே நிலைத்து நிற்கின்றன. ஆகவே பயணி தான் கடந்துபோகும் இடத்தைச் சேர்ந்தவனாக இல்லாமல் அதைச் சுருள்படம்போலப் பார்க்கப் பழகிவிட்டான் என்கிறார். ஐரோப்பிய ரயிலைப் பற்றிய இந்தக் கருத்தை நம் மலை பஸ்ஸுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதே என் எண்ணம். ஏற்றத்தில் நம் வண்டி இரண்டாம் கியரில் முனகுகிறது. பக்கத்திலுள்ளது மறைவதில்லை. ஊத்து, பெருமாள்மலைப் பகுதிகளில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களின் பட்டை, அதில் ஏறிய மிளகுக்கொடி, பலாப்பழமும் பட்டர் ஃப்ரூட்டும் விற்கிற அம்மாவின் தார்ப்பாய்க் கூரை, எதிர்வண்டிக்காக நிற்கும்போது சன்னலுக்குள் கைநீட்டும் குரங்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். புளிய மரமும் முள்ளும் நிற்கும் அடிவாரத்திலிருந்து காப்பிக்கும், காப்பியிலிருந்து பேரிக்காய்க்கும் மாறுவதை இரண்டு மணிநேரத்தில் உடம்பே உணர்கிறது. ஷட்டரை இறக்கச் சொல்லி யாராவது கத்துகிற இடமே குளிர் தொடங்குகிற இடம். மெதுவான பஸ் பார்வையைச் சுருள்படமாக விடுவதில்லை. கார் விடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்ததும், 2025 கோடையில் வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டதும் இந்தக் கார்களின் கூட்டத்தால்தான். எல்லோருக்கும் ஆளுக்கொரு சன்னல் என்று ஆனபோது சாலை நின்றுவிட்டது.

காட்சி என்பது விற்கக்கூடிய பண்டம் என்று ஆனபின், உயரம் என்பது ரூபாய். கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்ற ஹோட்டல் மலைப்பகுதிக் கட்டட விதிகளை மீறி ஏழு மாடியாக எழும்பியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். மாடி ஏற ஏற அறைச் சன்னலின் விலை ஏறும். பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போனது. விதிவிலக்குக் கொடுத்த அரசாணை செல்லாது என்பதை 1995இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே விவகாரத்தின் குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதா தண்டிக்கப்பட்டார். 2001இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பு வந்த அன்று தர்மபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா முடித்து வந்த பஸ் கொளுத்தப்பட்டது. மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். ஒரு மலையோரச் சன்னலுக்கான விதிவிலக்கில் தொடங்கிய சங்கிலி முந்நூறு கிலோமீட்டருக்கும் குறையாத சாலைத் தூரத்தில் ஒரு பஸ் சன்னலில் வந்து முடிந்தது. இதைத் தற்செயல் என்று சொல்லலாம். தலைமை வழிபாட்டு அரசியலும் நில வியாபாரமும் ஒரே உடம்பின் இரண்டு கைகள் என்று தெரிந்தவர்களுக்கு அப்படிச் சொல்வது கடினம்.

கடைசியாக விமானம். கொடைக்கானலில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் இந்த மலை பல விமானங்களின் சன்னலில் தினமும் வருகிறது. வரைபடத்தில் ஒரு அளவுகோலை வைத்தால் போதும். சென்னையிலிருந்து கொச்சிக்கு நேர்கோடு கோவையை ஒட்டிப் போகிறது. பழனி மலை அதற்குத் தெற்கே, ஆகவே இடப்பக்கச் சன்னல், அதாவது 'ஏ' எழுத்து. சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்கோடு திண்டுக்கல்லுக்குக் கிழக்கே நத்தம் பக்கமாக இறங்குகிறது. மலை மேற்கே, ஆகவே வலப்பக்கம், 'எஃப்'. பெங்களூரிலிருந்து மதுரைக்கும் வலப்பக்கம்தான். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். ஒரே மலை ஒருவருக்கு இடது, இன்னொருவருக்கு வலது, மலை நகரவில்லை. மேகமும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் விமானத்தை நேர்கோட்டிலிருந்து விலக்கலாம். இறங்குவதற்குத் திரும்பும்போது கணக்கு மாறும். மற்றபடி இது பலிக்கும்.

இறக்கைக்கு மேலே உட்காரக் கூடாது. முன்னால் அல்லது நன்றாகப் பின்னால். ஜெட்டில் எஞ்சினுக்குப் பின்வரிசைகளில் வெப்பக்காற்று மலையை நெளிய வைக்கும். சிறு ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழ்ப்பார்வை மறைவதில்லை. அது தாழவும் மெதுவாகவும் பறக்கிறது. நம் மலை பஸ்ஸின் சொந்தக்காரன். தெற்கே போகும் விமானத்தில் காலையில் வலப்பக்கம் சிறந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று மலையின் கிழக்குச் சரிவை வெளிச்சமாக்கும். மாலையில் அதே சன்னலில் கண் கூசும். மலை வெறும் கறுத்த விளிம்பு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரிக் காலைகளில் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும். பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்க மலை உயரமாகத் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2500 மீட்டரைத் தாண்டும் வந்தரவு முகடும் கூட ஒரு துணி மடிப்புத்தான். தெரிவது உயரம் அல்ல, நிறம்.

சிக்கல் இந்த நிறத்தில்தான். மேற்குப் பகுதியின் மேட்டுநிலம் பச்சையாக, அடர்த்தியாகத் தெரிகிறது. சன்னலோரத்தில் இருப்பவர் பெருமூச்சு விடுகிறார்: எவ்வளவு காடு! ஆனால் அந்தப் பச்சையின் பெரும்பகுதி காடு அல்ல. மேல்பழனியின் இயல்பான நிலம் புல்வெளி. அதன் மடிப்புகளில், ஓடையோரங்களில் மட்டும் சோலை. புல்வெளியைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதியது காலனிய வனத்துறை. மரம் இல்லாத இடம் மரம் கேட்கிற இடம் என்பது அதன் தர்க்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே தர்க்கத்தில், தோல் பதனிடவும் கூழுக்கும் என்று வாட்டிலும் தைலமரமும் பைனும் நடப்பட்டன. நட்ட இடத்தில் நிற்காமல் வாட்டில் தானாகப் பரவியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. மழையைப் பிடித்து மெல்ல விடுகிற புல்வெளி போனால் கீழே மஞ்சளாற்றுக்கும் பொருந்தலாற்றுக்கும் போகிற கோடைத் தண்ணீர் குறையும். பஸ்ஸின் இரண்டு சன்னல்களிலும் பார்த்தோமே, அந்தக் கணக்கு.

மிஷெல் தெ செர்த்தோ 1980இல் எழுதிய நூலில் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்து நகரத்தைப் பார்ப்பவரைப் பற்றிப் பேசுகிறார். மேலிருந்து பார்க்கிறவருக்கு நகரம் வாசிக்கத்தக்க பிரதியாகிவிடுகிறது, அதை எழுதுகிறவர்களோ கீழே நடப்பவர்கள் என்பது அவர் வாதம். சரி. ஆனால் இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும்: புல்வெளி அழிவை நமக்குக் காட்டியதும் மேலிருந்து பார்த்த கண்தான். விமானத்தை விடவும் பல மடங்கு மேலே. உயரப் பார்வை என்றாலே அதிகாரத்தின் பார்வை என்று ஒரே போடாகப் போடுகிற நம் விமர்சகர்களின் பழக்கம் இங்கே உதவாது. வேறுபாடு உயரத்தில் இல்லை. நாற்பது ஆண்டுகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிற பொறுமையில் இருக்கிறது. சன்னலோரப் பயணிக்கு ஒரே ஒரு படம். அதில் வாட்டில் தோப்பும் காடும் ஒரே பச்சை. எது சோலை, எது தோப்பு என்று மேலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஓரம் நேர்கோடாக இருந்தால் நட்டது, ஓடையைத் தழுவி நெளிந்தால் சோலை. வெளிர்ந்த பழுப்புப் பச்சையாக, 'இங்கே ஒன்றும் இல்லையே' என்று தோன்றும் இடம் மிஞ்சியிருக்கிற புல்வெளி. 2013இல் அறிவிக்கப்பட்ட, 608 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள்ளும் இந்த மூன்றும் கலந்தே கிடக்கின்றன. அந்நிய மரத்தை வெட்ட வேண்டும் என்றால், "மரத்தை வெட்டச் சொல்றீங்களே, நீங்கள்லாம் இயற்கை ஆர்வலரா?" என்று கேட்கிறார்கள். சன்னல் வழியே கற்ற சூழலியல் இது.

எந்தச் சன்னலிலும் தெரியாததும் உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களின் முற்பகுதியில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போன வெப்பமானித் தொழிற்சாலை, பாம்பார் சோலைக்கு மேலுள்ள முகட்டில் நின்றது. 2001இல் பாதரசம் கலந்த உடைகண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுக்கப்பட்ட பிறகே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாம்பார் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக இறங்குகிறது, டூரிஸ்ட்டுகள் குளிக்கிறார்கள். ஆலை இருந்த முகட்டைச் சுற்றிய பச்சை மற்ற பச்சையைப் போலவே இருக்கிறது. இங்கே கண்ணை நம்பிப் பயனில்லை. மண்ணை எடுத்துச் சோதித்தவர்களையும், சிறுநீரகம் கெட்ட தொழிலாளியின் பேச்சையும் நம்ப வேண்டியிருந்தது.

மலைக்குள்ளேயே ஓடுகிற பஸ்கள் இருக்கின்றன. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் போகிற வண்டிகள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிச்சப் புல்வெளியைப் பார்க்க விரும்புகிறவருக்கு விமானத்தை விட, வத்தலக்குண்டு வண்டியை விட, இந்த மன்னவனூர் வண்டியே சரி. தோப்பு முடிந்து புல் தொடங்கும் கோட்டை அது நேராகத் தாண்டிப் போகிறது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தைக் கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக 2024-25 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. சாயங்கால வண்டியில் காரட், பூண்டு மூட்டைகளோடு கூலி முடித்து ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். சன்னலோரம் கிடைத்தால் முதல் காரியமாக ஷட்டரை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார்கள். மலையைப் பார்க்க வேண்டுமென்று வருகிறவர் அவர்களிடம் "கொஞ்சம் தெறந்து வச்சுக்கலாமாக்கா?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். சிலர் திறப்பார்கள். சிலர், "குளிருது தம்பி, அங்குட்டுப் போய் உக்காரு" என்பார்கள்.